இரண்டு பட்டறை

என் பிக்கப் வண்டியின் பின்கதவில் முன்பு "ஒலி எழுப்பவும்" என்று எழுதியிருந்தது. ஒருமுறை வெல்டிங் வைத்தபோது "ஒலி" தீய்ந்துபோய், இப்போது "எழுப்பவும்" மட்டும் மிச்சம். திரும்ப எழுதும்படி பலர் சொல்லிவிட்டார்கள். வண்டி நிற்கிற நேரமெல்லாம் நான் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டுதான் இருப்பேன் என்பதால், எழுதியிருப்பது சரிதான் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ரெட்டிபாளையம் பக்கம். சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது பிழைப்பு. வண்டிக்கு வயதாகிவிட்டது, எனக்கும்தான். இரண்டு பேருக்கும் காலையில் கிளம்ப மனசு வராது. கிளம்பிவிட்டால் நிறுத்துவது சிரமம். வண்டிக்கு பிரேக்கில் கோளாறு, எனக்கு வாயில்.

புரட்டாசியில் ஒருநாள் பெரம்பலூரில் லோடு இறக்கிவிட்டு டீக்கடையில் நின்றிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, செட்டிகுளத்துல ஒரு வூட்டுக்கு தளம் போட சிமெண்ட் எறக்குனீங்கல்ல, அந்த அக்காவோட தங்கச்சி பேசறேன். வண்டி சும்மா இருக்குங்களா?"

"நான்தாம்மா சும்மா இருக்கேன். வண்டி மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குது."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "வெதை வெங்காயம் ஏத்தணும்ண்ணே. நேத்து அடிச்ச காத்துல மேல கெடந்த கீத்தெல்லாம் பறந்துபோச்சு. இன்னைக்கு மழை வந்துட்டா அம்புட்டும் அழுவிரும். அக்கா வூட்டுல கொண்டுபோயி போட்டுடலாம். செட்டிகுளம் ரோட்டுல புளியமரம் வரும், பட்டறைக்கு வந்துடுங்க."

பெரம்பலூர்ப் பக்கம் புளியமரம் இல்லாத ரோடு எது? ஆனால் அந்த ரோட்டில் புளியமரத்தடியில் ஒரு வெல்டிங் பட்டறை இருப்பது எனக்குத் தெரியும். என் வண்டியில் பாதி அங்கே செய்ததுதான். வெள்ளாமைக் காட்டிலிருந்து வெங்காயத்தை ரோட்டோரம் கொண்டுவந்துவிடுவார்கள்போல என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்து, நேராக அங்கே போய் நின்றேன்.

பட்டறைக்காரர் ஒரு இரும்பு கேட்டைப் படுக்கப்போட்டு வேலையில் இருந்தார். என் வயதுதான், ஆனாலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன மாமா, இன்னைக்கு எது கழண்டுச்சு?"

"ஒண்ணும் கழலல. ஒரு ஆளு வரணும்."

"அதுவரைக்கும் கழலாம இருக்குதான்னு பாப்போம்" என்று கண்ணாடி மூடியை முகத்தில் இறக்கிக்கொண்டார். நான் வண்டியில் ஏறி, பின்கதவில் எழுதியிருக்கிறபடி யாராவது எழுப்பும்வரை தூங்கினேன்.

எழுப்பியது போன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பட்டறையிலதாம்மா. நீ எங்க இருக்க?"

"நானும் பட்டறையிலதாண்ணே நிக்கிறேன்."

இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். அடியில் குனிந்துகூடப் பார்த்தேன்.

"காணலியேம்மா."

"எனக்கும் உங்களக் காணல. நம்மளது நீட்டப் பட்டறைண்ணே, பாத்தாலே தெரியும்."

"இதுவும் நீட்டமாத்தாம்மா இருக்கு. வாசல்ல ஒரு பையன் கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறான் பாரு."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வெங்காயத்துக்கு யாருண்ணே பெயிண்ட் அடிப்பாங்க?"

பட்டறைக்காரர் மூடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் விளக்கம் வந்தது. இந்தப் பக்கம் வெங்காயத்தைச் சேர்த்துவைப்பதற்குக் காட்டிலேயே கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, சுற்றிலும் சோளத்தட்டை கட்டி, கீற்று வேய்ந்து ஒன்று போடுவார்களாம். அதற்கும் பெயர் பட்டறைதானாம். எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். அதையெல்லாம் ஆட்டுக் கொட்டகை என்று நினைத்திருந்தேன்.

நானும் சேர்ந்து சிரித்தேன். பச்சைமலைப் பக்கம் தலையைத் திருப்பியபோது சிரிப்பு நின்றது. வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. நான் தூங்கிய நேரத்தில் அந்தப் பெண்ணின் பாதி வெங்காயத்தை அக்கா வீட்டில் இறக்கியிருக்கலாம்.

பட்டறைக்காரர் மிஷினை அணைத்தார். மூலையில் மடித்துக் கிடந்த தார்ப்பாயை எடுத்து வண்டியில் போட்டுவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"நீ எதுக்குய்யா?"

"உங்கள தனியா விட்டா அடுத்து நகைப் பட்டறைக்குப் போயி நிப்பீங்க."

அடுத்த புளியமரத்தில் திரும்பி, மண்பாதையில் இறங்கினோம். அவள் மூட்டைகளைக் கட்டி வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், எல்லாம் தனியாளாகச் செய்தது. நாலு வார்த்தை திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். "வாங்கண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அதற்குத் திட்டே பரவாயில்லை.

மூவருமாக ஏற்றினோம். சிமெண்ட் மூட்டை தூக்கித் தூக்கி உரம் ஏறிய உடம்பு என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் மூட்டை தூக்குவது லோடுமேன்கள், நான் எண்ணிக்கை சொல்லும் ஆள். பாதியிலேயே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் என் கையிலிருந்த மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

"இது போயிட்டா இந்த வருசம் காடு சும்மாத்தாண்ணே கெடக்கும்" என்றாள், மூட்டையைத் தள்ளிக்கொண்டே. "வெதைய வெலைக்கு வாங்கி நடறதெல்லாம் நம்மளால ஆவாது."

தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது முதல் தூறல் விழுந்தது. கரிசல் மண்ணுக்கு அது போதும். காட்டிலிருந்து பாதைக்கு ஏறுகிற சின்ன மேட்டில் பின்சக்கரம் சுற்றியது, வண்டி ஏறவில்லை. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குப் படுக்கை தோண்டிக்கொண்டது. வயதான வண்டி. அதற்கும் அந்த நேரத்தில் படுக்கத் தோன்றியிருக்கலாம்.

"பாதிய எறக்கிட்டு ரெண்டு நடையா அடிப்போம்" என்றார் பட்டறைக்காரர்.

"எறக்கி எங்கண்ணே வைக்கிறது? மேல கூரையில்லாமத்தான அள்ளுறோம்" என்றாள் அவள்.

வழக்கமாக என் வாய் அந்த மாதிரி இடத்தில் எதையாவது சொல்லி வைக்கும். அன்று அதுவும் சேற்றில் மாட்டிக்கொண்டது.

அவள் விறுவிறுவென்று திரும்பிப் போய்ப் பட்டறையின் கட்டுகளை அரிவாளால் அறுக்க ஆரம்பித்தாள். பக்கத்துக்குக் கட்டியிருந்த சோளத்தட்டை கத்தை கத்தையாகச் சரிந்தது. அள்ளிக்கொண்டு வந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டாள்.

"அய்யய்யோ, அதப் பிரிக்கிறியேம்மா. நாளைக்கு வேணுமே" என்றேன்.

"வெங்காயமே வண்டியில இருக்கு. வெறும் பட்டறைய வச்சுக்கிட்டு என்ன பண்றது? பெயிண்டா அடிக்கிறது?"

பட்டறைக்காரர் போய் மூங்கில்களை உருவிக்கொண்டு வந்தார். தட்டையை அடியில் போட்டு, அதன்மேல் மூங்கிலை வரிசையாகப் பரப்பினார்கள். இரண்டு பேரும் பின்னாலிருந்து தள்ள, நான் கிளட்சை மெல்ல மெல்ல விட்டேன். மூங்கில்கள் நொறுங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. வண்டி ஏறி, பாதையில் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வெறும் கற்கள் மட்டும் வரிசையாக இருந்தன. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

செட்டிகுளம் போய்ச் சேரும்போது மழை கொட்டியது. அக்கா சோபாவைச் சுவரோடு தள்ளி, ஹாலைக் காலிசெய்து வைத்திருந்தார். தார்ப்பாயைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அதில் நட்சத்திரம் மாதிரி ஓட்டைகள். மேல் வரிசை மூட்டைகளில் சில நனைந்திருந்தன. பட்டறைக்காரர் தார்ப்பாயை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"விடுங்கண்ணே, நீங்க மூடலன்னா மொத்தமும் நனைஞ்சிருக்கும்" என்றாள் அவள்.

ஃபேனை வேகமாக வைத்துவிட்டு, தரையில் கொட்டிப் பிரித்தாள். காய்ந்தது சுவரோரம், நனைந்தது வாசல் பக்கம். நானும் உதவுகிறேன் என்று உட்கார்ந்தேன். நான் காய்ந்த குவியலில் போட்டதையெல்லாம் அவள் எடுத்து நனைந்ததில் போட்டுக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அக்காவிடம், "இந்த அண்ணனுக்கு டீ குடு" என்றாள். மரியாதையாக என்னை எழுப்பிவிடுகிறாள் என்று புரிந்தது.

டீ குடித்து முடிப்பதற்குள் பிரித்துவிட்டாள். காய்ந்தது பெரிய குவியல். நனைந்தது ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டது. அதில் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இத வச்சிருந்தா தாங்காது. மண்ணு பதத்துக்கு வந்ததும் மொதல்ல இத நட்டுடறேன். பெறவு மத்தது."

"அதுக்குள்ள மழை நின்னுருமா?" என்றார் பட்டறைக்காரர். வழியெல்லாம் மழையைத் திட்டிக்கொண்டே வந்தவர்.

அவள் வாசற்படியில் போய் நின்றாள். அன்று முழுக்க அவள் எதன்மேலும் சாய்ந்து நான் பார்க்கவில்லை. இப்போது கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"பெய்யட்டும்ண்ணே. நடவுக்கு ஈரம் வேணும்ல."