ஊசிக்குத் தெரியாதது

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், கோப்பைகளுக்குக் காது ஒட்டும் வேலைக்கு அம்புஜவல்லி சேர்ந்தது 1966இல். ஈரம் காயாத கோப்பையை இடது கையில் ஏந்தி, களிமண் குழம்பில் தொட்ட காதை வைத்து ஒரு அழுத்து. நாளைக்கு நானூறு கோப்பை. குனிந்தே செய்கிற வேலை. நிமிர்ந்து தன் கழுத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை.

1977 ஆடி மாதம் ஒரு மத்தியானம் அவள் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தபோது, எதிரே உட்கார்ந்து வேலை செய்யும் ராஜாம்பாள் கேட்டாள்: "இன்னாடி அது? முழுங்கறப்ப கழுத்துல ஏதோ மேல போயிட்டுக் கீழ வருது."

தொட்டுப் பார்த்தாள். இலந்தைப்பழ அளவில் ஒரு கட்டி. வலியில்லை.

கணவன் அர்ச்சுனன் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினான். அவன் முதலில் போனது கொளஞ்சியப்பர் கோயிலுக்கு. மனைவியின் பெயர், ஊர், வியாதி எல்லாம் தாளில் எழுதி, சாமிக்கு முறையீடாகப் பிராது கட்டிவிட்டு வந்தான். அடுத்த வாரம் இருவரும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார்கள்.

அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தர்மராஜ் என்ற டாக்டர் இருந்தார். வடக்கே படித்துவிட்டு வந்தவர். கட்டியைக் கத்தி வைக்காமல், மெல்லிய ஊசியால் உறிஞ்சிச் சோதிக்கும் முறை இந்தப் பக்கத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. ஊசி குத்தியது எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. பத்து நாள் கழித்துப் போனபோது, புற்று இல்லை என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அர்ச்சுனன் நேரே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தான். அவனைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

ஆறு மாதத்தில் கட்டி நெல்லிக்காய் ஆகியிருந்தது. மறுபடி ஊசி. முடிவு வந்த அன்று டாக்டர் தாளை இரண்டு தரம் படித்தார்.

"இதுல ஒரு வகை உயிரணு நெறைய வந்திருக்குதும்மா. சாதாரணக் கட்டியிலயும் இதே அணுதான் இருக்கும், புத்துலயும் இதேதான் இருக்கும். எது எதுன்னு ஊசியால பிரிச்சுச் சொல்ல முடியாது."

"அப்ப போன தடவ இல்லன்னு சொன்னீங்களே?"

"ஊசி குத்தின எடத்துல இருக்கறதத்தான் சொல்லும். பக்கத்துல இருக்கறது அதுக்குத் தெரியாது."

"எதாலதான் தெரியும்?"

"கழுத்துச் சுரப்பியில கட்டி இருக்கற பக்கத்த முழுசா எடுத்து, அறுத்துப் பாத்தாதான்."

அம்புஜவல்லி கேட்டாள்: "என்ன மாதிரி பத்து பேருக்கு எடுத்தா, எத்தினி பேருக்கு இருக்கும்?"

இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. டாக்டர் தாளைக் கீழே வைத்தார். "ரெண்டு பேருக்கு இருக்கும். எட்டு பேருக்கு ஒண்ணும் இருக்காது. எடுக்கறப்ப குரல் நரம்புல பட்டுச்சுன்னா குரல் கம்மிடலாம். அதையும் சொல்லிடறேன்."

பஸ்ஸில் அர்ச்சுனன் வாதாடிக்கொண்டே வந்தான். "எட்டு பேருக்கு இல்லன்னு அவரே சொல்றாரு. எதுக்குக் கழுத்த அறுத்துக்கணும்?"

"அந்த ரெண்டுல நான் இருந்தா?"

"சாமிகிட்ட சொல்லியிருக்குது இல்ல."

"சாமி டாக்டர்கிட்டதான அனுப்புச்சு. நான் தெரிஞ்சுக்காம கெடக்க மாட்டேன். நீங்க வந்தாலும் வராட்டியும் போவேன்."

அவனும் போனான். 1978 சித்திரையில் அறுவை நடந்தது. கண் விழித்துத் தண்ணீர் கேட்டபோது, சத்தமே வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

மூன்றாம் வாரம் முடிவு வந்தது. டாக்டர் தர்மராஜ் எழுந்து நின்றுகொண்டே சொன்னார். "புத்து இல்லம்மா. வெறும் கட்டிதான். எடுக்காமயே இருந்திருக்கலாம்."

அம்புஜவல்லி தலையை மட்டும் ஆட்டினாள். அன்று வீட்டுக்கு வந்ததும் படுத்தவள் மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள். பத்து மாதத்தில் அவள் அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.

குரல் பாதிதான் திரும்பியது. ஷெட்டில் மண் அரைக்கும் மிஷின் சத்தத்துக்கு மேலே யாரையும் கூப்பிட முடியவில்லை. கை தட்டிக் கூப்பிடப் பழகிக்கொண்டாள். "வீணா போச்சே உன் தொண்ட" என்று ராஜாம்பாள் சொல்லும்போதெல்லாம், "வீணான்னு எடுத்த பொறவுதான தெரியும்" என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டுக் கோப்பையை எடுப்பாள்.

அடுத்த வருஷம் சோதனைக்குப் போனபோது, வெளி பெஞ்சில் மங்கலம்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஊசியில் அதே பதில். டாக்டர் அம்புஜவல்லியிடம், "நீங்க கொஞ்சம் பேசுங்க" என்றார்.

அம்புஜவல்லி பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்தில் எட்டு, பத்தில் இரண்டு என்று விரலை மடக்கிக் காட்டினாள். "நான் எட்டுல ஒருத்தி. எடுத்தப்புறம் கொரலு இப்பிடி ஆயிடுச்சு, கேக்குது இல்ல? ராத்திரில தூக்கம் வருது."

"நான் இன்னாக்கா பண்ணட்டும்?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா."

அந்தப் பெண் ஆறு மாதம் போகட்டும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் கட்டியைப் பற்றிப் பேசவில்லை. வறுத்த மல்லாட்டை வாங்கித் தோலை உரித்துத் தின்றுகொண்டு வந்தார்கள்.