அளந்து பார்க்காமல் கதையாத சுகந்தி

சுகந்தியின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது அலுவலகத்தில் வழக்கம்போல ஏதோ வாக்குவாதம். "அண்ணை, அக்கா எங்களை விட்டுப் போட்டா" என்றார். அவருக்கு நோய் முற்றிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இன்னும் எவ்வளவோ சண்டை பாக்கி இருந்தது.

முன்பு சுகந்தியோடு இங்கே வேலை செய்த உங்களுக்கு அந்தச் சண்டை தெரியும். இணையத்தளம் கட்டும் ஃபிரேம்வேர்க் மென்பொருளே தரவுத்தளத்திடம் வேண்டியதைக் கேட்டு வாங்கட்டும் என்பது என் கட்சி. அந்த வேலையைத் தரவுத்தளத்துக்குள்ளேயே ஸ்டோர்ட் புரொசீஜர் என்கிற ஆயத்தக் கட்டளைத் தொகுப்பாக எழுதி வைத்தால்தான் வேகம் என்பது அவர் கட்சி. இருவரும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். விட்டுக்கொடுக்கிற சாதி இல்லை.

இரத்தக் கொடையாளரைத் தேடும் தளத்தை நான் கட்டியிருந்தேன். ஒருநாள் தொண்டைமானாற்றிலிருந்து ஒருவர் அழைத்தார். மனைவிக்குச் சத்திரசிகிச்சை, தேடினால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றார். அவருக்கு வேண்டியதைச் சுகந்தி நேரே தரவுத்தளத்தில் தேடிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஃபிரேம்வேர்க் முதலில் கொடையாளர் பட்டியலை எடுத்து, பிறகு ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது கொடுத்தார் என்று தனித்தனியே கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு கறி வைக்க, ஒவ்வொரு காய்க்கும் சந்தைக்குப் போய்வருவினமே? எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு நீர் அளந்து பார்த்தனீரோ?" என்று கேட்டார்.

அன்றே புரொசீஜர் எழுதினார். பக்கம் கண்மூடித் திறக்குமுன் வந்தது. ஒரு கிழமை முழுதும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

அவருக்கும் சறுக்கியது. மாதாந்த அறிக்கைக்கு அவர் ஆசையாக எழுதிய புரொசீஜரை இருவருமாக அளந்தோம். ஃபிரேம்வேர்க்கின் கேள்விதான் முந்தியது. நான் வாய் திறக்குமுன் தன்னுடையதை அழித்துவிட்டார். "என்ரை எண்டதுக்காண்டி வைச்சிருக்கேலாது" என்றார். பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி சொன்னார், முகம் மட்டும் நாள் முழுக்க உம்மென்றிருந்தது.

அவர் போனபின் கொடையாளர் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. "அவவின்ரை புரொசீஜரைத் தொடாதேங்கோ, அவவின்ரை ஞாபகமா இருக்கட்டும்" என்றார்கள் அலுவலகத்தில். எனக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் எல்லாத் தகவலையும் ஒரே தடவையில் கேட்கும்படி ஃபிரேம்வேர்க்கில் எழுதி, இரண்டையும் அளந்தேன். வேகத்தில் வித்தியாசமே இல்லை. புதியதை எங்களில் எவரும் திருத்தலாம். அவருடையதை அவரால் மட்டுமே திருத்த முடிந்தது. மறுபடி அளந்தேன், அவருடையது வெல்லவேண்டும் என்று வேண்டிக்கொண்டே. வெல்லவில்லை.

அவருடையதை அழித்தேன். அழுதேன். அலுவலகத்தில் சிலர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவர்கள் கோபம் எனக்கு விளங்குகிறது, ஆனால் அழித்ததைத் திருப்பி வைக்கமாட்டேன்.

எவர் எழுதியது என்று பாராமல் அளக்கும் அந்தக் கண்டிப்பைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கொடையாளர் தேடலில் இன்று சுகந்தி எழுதிய ஒரு வரிகூட இல்லை. அவரை நேசித்த உங்களுக்கு அதை வேறு யாரும் சொல்லுமுன் நானே சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.