பிஸ்கட் தட்டுக்கு முழுப் புள்ளி

இன்று பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தேன்.

கண் தெரியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் வீடு தேடிப் போய் உதவும் வேலையை எந்த நிறுவனத்திடம் கொடுப்பது என்று எங்கள் நகரக் கவுன்சில் இன்று முடிவு செய்தது. அந்தத் தெரிவுக் குழுவில் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் யோகன் அண்ணையும் ஒருவர். அவருக்குக் கண் தெரியாது. நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர்.

முதல் நிறுவனம் சுவர் நிறையப் படம் காட்டியது. "இதில் பார்த்தீர்களென்றால்..." என்றே எல்லா வசனத்தையும் தொடங்கினார்கள்.

அடுத்த நிறுவனத்திலிருந்து வந்த பெண், பேச்சைத் தொடங்குமுன் அண்ணையிடம் வந்தார். "உங்கள் வலக்கைப் பக்கம் தேநீர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பிஸ்கட் தட்டு."

அண்ணையின் கை நேரே தட்டுக்குப் போனது.

புள்ளி போடும்போது அவர் யோசிக்கவே இல்லை. "இந்தப் பிள்ளைக்குத்தான் என்ரை முழுப் புள்ளியும். வீட்டை வாற ஆள் முதல்லை எது எங்கை இருக்கெண்டு சொல்லவேணும். இவ கேக்காமலே சொன்னவ."

நான் மொழிபெயர்த்து, அது சைகை மொழியிலும் போய்ச் சேர்ந்ததும், குழுவிலிருந்த காது கேளாத அம்மா இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார். அவர்களின் கைதட்டல் அது. வேலை அந்தப் பெண்ணின் நிறுவனத்துக்கே போனது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "அண்ணை, பிஸ்கட் இருந்தது உங்களுக்கு முதலே தெரியாதோ?"

"தெரியாமல் என்ன? காலமையிலையிருந்து நீர் நொறுக்கின சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்!"

மொழிபெயர்ப்பாளருக்குப் புள்ளி போடவும் கவுன்சிலில் குழு இருக்கிறதா? தெரிந்தவர்கள் மெதுவாகச் சொல்லுங்கள்.