மூன்று என்று சொன்னேன்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் எழுதுவதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், பிரசவ அறையில் ஆயாவாக இருக்கிறேன். அந்த வாரம் தரம் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு கிடந்தாலும் மார்க் குறையும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதனால் அழுக்கானதை எல்லாம் அப்போதைக்கப்போது அப்புறப்படுத்திக்கொண்டிருந்தேன்.

காலையில் காட்டுப்பாக்கத்துப் பெண் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. வலியிலும் என்னைச் சீண்டினாள்.

"இன்னாக்கா, வாயத் தொறந்தா வரி போடுவாங்களா? இன்னா கொயந்தன்னாவது சொல்லு."

"பொண்ணு."

"அப்பாடா. எங்க மாமியாருக்குப் பதில் பேச ஒரு ஆளு வந்துச்சு" என்று சிரித்தாள்.

அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் உறிஞ்ச வைத்த பேட் நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதியதை வைப்பேன். பழையதை வெளியே குப்பைப் பையில் போட்டுவிட்டு வருவேன். அடுத்த கட்டிலில் இன்னொரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பிக் கேட்டார்.

"ஆயாம்மா, எத்தன பேட் மாத்துனீங்க?"

நான் எண்ணவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"மூணு, சிஸ்டர்."

தாளில் மூன்று என்று எழுதினார். கட்டிலும் தரையும் சுத்தமாக இருந்தன.

கொஞ்ச நேரத்தில் அவள், "அக்கா, குளுருது, ஃபேன நிறுத்தேன்" என்றாள். ஃபேன் ஓடவில்லை. சிஸ்டர் ஓடிவந்து நாடி பார்த்து டாக்டரைக் கூப்பிட்டார். வெளியே இருந்த குப்பைப் பையைப் பிரித்து எண்ணினார். ஒன்பது.

"மூணுன்னீங்களேம்மா" என்றார்.

ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள், ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் அங்கே இறந்துவிட்டாள். அவள் அம்மா குழந்தையோடு எங்கள் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நிற்க என்னால் முடியவில்லை.

எண்ணவில்லை என்று சொல்லியிருந்தால் சிஸ்டரே வந்து பார்த்திருப்பார். எப்படியும் கஷ்டமான கேஸ்தான் என்றார் டாக்டர். நிஜமாகவா, என்னைத் தேற்றவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் பிரசவ அறையில் ஒரு எடை மெஷின் வைத்தார்கள். எவ்வளவு ரத்தம் போனது என்று தெரிய, நனைந்த துணியையெல்லாம் இனி நிறுத்து எழுத வேண்டும் என்றார்கள். நிறுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.