முழுநேர ஊழியர்

"வாங்க, உட்காருங்க," என்று சொல்லி, ஒரு பிளாஸ்டர் தாடையை மேசை விளக்கின் கீழ் வைக்கிறார். காலை மணி பத்துப் பதினைந்து. தாடை உட்காருகிறது, அதற்கு வேறு வழியில்லை. மெழுகுத் தகட்டைச் சுடரில் காட்டி இளக்கிக்கொண்டே அதனிடம் பேச்சுக் கொடுக்கிறார். "வயசு அறுபத்திரெண்டாம் உங்களுக்கு. மேல் வரிசை மொத்தமும் போயிருச்சா? போகட்டும். ஒரு வாரம் பொறுத்துக்குங்க."

பொய்ப்பல் செய்வது அவர் தொழில். எல்லோரும் முதலில் 'பல்லு அக்கா' என்றுதான் அழைத்தார்கள். நாளடைவில் அது தேய்ந்து 'பல்லக்கா' ஆகிவிட்டது. "பல்லக்குல ஏறுற யோகம் பேர்லயாவது வந்துச்சே" என்பார்.

அவர் வேலை செய்யும் ஆய்வகம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நான் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். தினமும் பத்துப் பத்துக்கு இறங்கிப்போய் அங்கே நாளிதழ் படிப்பேன். என்னுடைய கீழ்வரிசைப் பற்கள் அங்கே செய்தவைதான். போட்டு ஆறு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. பேச்சின் நடுவே ஒரு முறையும் கழன்றதில்லை.

பல் மருத்துவமனைகளிலிருந்து அச்சுகள் வரும். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு இருக்கும்: எண், வயது, பல்லின் நிறம், மருத்துவரின் குறிப்பு. பெயர் இருக்காது. இருபத்து மூன்று ஆண்டுகளில், தான் செய்த பற்களைப் போட்டுக்கொண்டவர்களில் ஐந்து பேரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் பல்வரிசையை இறுகவைக்க வெந்நீர்த் தொட்டியில் இறக்குவதற்கு முன் எல்லோருக்காகவும் ஒரு ஜெபம் உண்டு. ஜெபம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கை வேலையில் இருக்கும்போதே, பக்கத்து மேசைக்காரரிடம் பேசுவது போல.

"ஆண்டவரே, இவரு வாய்விட்டுச் சிரிக்கணும். நல்லாக் கடிச்சுச் சாப்பிடணும். யாரையும் கடிச்சுப் பேசக் கூடாது. அவ்வளவுதான்."

அராவும்போது அவருடைய நாக்கு தன் பற்களையே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நம் நாக்கும் வாய்க்குள் சுற்ற ஆரம்பித்துவிடும். இன்னொரு பழக்கம்: எந்த வரிசையிலும் ஒரு பல்லை மட்டும் மயிரிழை திருப்பி வைப்பார். "ரொம்ப ஒழுங்கா இருந்தா பொய்யுன்னு தெரிஞ்சுபோயிரும் ஐயா. நெசப் பல்லு எல்லாம் கொஞ்சம் கோணல்தான்."

கணவர் பேருந்து ஓட்டுநர். மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவோடு வருவார். ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு தரம் 'வாங்க, உட்காருங்க'ன்னு சொல்லியிருப்பியா? அந்தச் சுண்ணாம்புத் தாடைக்கு மட்டும் என்னா மரியாதை!"

"அது திருப்பிப் பேசாதுங்க."

எங்கள் சபையின் பதிவேடுகள் நாற்பத்தோரு ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எதுவானாலும் என் கையெழுத்தில்தான் இருக்கும். பல்லக்காவும் அதே சபைதான்; இடப்பக்கம் மூன்றாவது வரிசை. சென்ற மாதம் ஆராதனை முடிந்ததும் ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. 'முழுநேர ஊழியர்கள் மட்டும் எழுதவும். பெயர், ஊழியம் செய்யும் இடம், ஆண்டுகள்.' அடுத்த ஞாயிறு அவர்களைச் சபைக்கு முன் முழங்காலிட வைத்து, பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபிப்பதாக ஏற்பாடு.

தாள் நான்கு பெயர்களுடன் என்னிடம் திரும்பியது. முதலாமவர் சிறைச்சாலை ஊழியம். இரண்டாமவர் வேதப் பள்ளி ஆசிரியர். மூன்றாமவர் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பவர். நான்காவதாக, பல்லக்காவின் பெயர். இடம்: பல் ஆய்வகம், கீழ்த்தளம். ஆண்டுகள்: இருபத்து மூன்று.

மறுநாள் காலை நாளிதழைத் தொடவில்லை. நேராக அவர் மேசைக்குப் போனேன்.

"அம்மா, இது ஊழியக்காரங்களுக்கான தாள்."

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை என் கண்ணருகே நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்கு, படிங்க."

படித்தேன். பெயருக்குக் கீழே, 'முழுநேர ஊழியர்'.

"அப்புறம் என்ன?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு அரத்தைக் கீழே வைத்தார். அவர் பேச்சின் நடுவே அரத்தைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"அப்போ நான் பண்றதுக்குப் பேர் என்னங்கய்யா?"

பத்தொன்பது வயதில் வேதாகமக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாராம். நேர்முகத்தில் நாலு பேர் முன்னால் வாய் திக்கிவிட்டது. 'பிரசங்கத்துக்கு வாய் சரிவராது' என்று அனுப்பிவிட்டார்கள். "அன்னைக்கு என் வாய் சரியில்லன்னாங்க. அதான் மத்தவங்க வாயைச் சரி பண்ணிட்டு இருக்கேன்" என்று வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் நாக்கு பற்களைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தியிருந்தது.

"விதின்னு ஒண்ணு இருக்குமில்ல ஐயா, என் பேரை அடிச்சிருங்க. ஆனா பென்சில்ல அடிங்க."

பதிவேட்டில் நான் பென்சிலைப் பயன்படுத்தியதே இல்லை. அடிக்காமல் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது பேச்சை மாற்ற எண்ணி, பாஸ்டரின் பிரசங்கத்தில் கேட்கும் விசிலைப் பற்றிச் சொன்னேன். விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து அவர் 'ச' என்று சொன்னால் ஒரு விசிலும் கூடவே வந்தது. முதல் ஞாயிறு பதினான்கு, அடுத்த ஞாயிறு பத்தொன்பது, குறித்து வைத்திருக்கிறேன். மைக்கை மாற்றியும் போகவில்லை.

"அது மைக் இல்லீங்க," என்றார் பல்லக்கா சட்டென்று. உடனே வாயை மூடிக்கொண்டார். நான் கதவருகே போனபோது தனக்குத்தானே முணுமுணுத்தது காதில் விழுந்தது. "போயும் போயும் 'இயேசு'ங்கிற பேர்லயா ஊதணும்!"

அப்போது எனக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார். '212-ஆம் எண்ணின் மேல்வரிசையைத் திருப்பி அனுப்பவும். பிழை என்னுடையது.' யாரும் புகார் செய்திருக்கவில்லை. வியாழக்கிழமை அந்தப் பல்வரிசை ஒரு சிறு டப்பாவில் வந்து சேர்ந்தது. நான் அங்கேதான் இருந்தேன். "வாங்க, உட்காருங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. முன்பற்களுக்குப் பின்னால் கடுகளவு மேட்டைச் சீர்செய்யும் வேலை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நான் தாளோடு பாஸ்டரைப் பார்க்கப் போனேன். கைக்குட்டையால் வாயை மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

"பல்வலிங்களா பாஸ்டர்?"

"வலிக்க பல்லு இருந்தாத்தானே ஐயா," என்று கைக்குட்டையை எடுத்தார். மேல்வரிசை முழுவதும் காலி. நாற்பத்தோரு ஆண்டுப் பழக்கத்தில் முகத்தை அசைக்காமல் இருந்துவிட்டேன்.

விடுமுறையில் யாருக்கும் தெரியாமல் பல் கட்டிக்கொண்டாராம். இந்த வாரம் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டு, செய்தவரே திரும்பக் கேட்கிறார் என்றார்களாம். "அவங்க என்னைப் பார்த்ததே கிடையாது. நான் விசில் அடிக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? எந்த இடம்னு கேட்டா, ஏதோ கீழ்த்தளத்துல ஒரு ஆய்வகமாம்."

தாளை விரித்து நான்காவது வரியில் விரலை வைத்தேன்.

படித்தார். திரும்பவும் படித்தார். பல்லக்கா மூன்றாவது வரிசையிலிருந்து தன் கோணல் பல்லை அடையாளம் கண்டுகொண்டு, இரண்டு ஞாயிறு விசிலையும் கேட்டுக்கொண்டு, யாரிடமும் வாய் திறக்காமல் போயிருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அடிக்கவா பாஸ்டர்? பென்சில்லதான்."

"இந்தப் பேரை எடுத்துட்டு, நான் எந்த வாயால ஐயா மத்த மூணு பேரைப் படிக்கிறது?"

ஞாயிறு ஒன்பது முப்பத்திரண்டுக்கு ஆராதனை தொடங்கியது. முதல் பாட்டு முடிந்ததும் இந்த நிகழ்ச்சிதான். நான்கு பேரும் முன்னால் முழங்காலிட்டார்கள். பல்லக்கா கடைசியில், அடையாள அட்டையைக் கழற்ற மறந்து வந்திருந்தார். பாஸ்டர் பெயர்களைப் படித்தார். நான்காவது பெயர் வந்ததும் சபையில் சலசலப்பு. அவர் நிமிர்ந்து, "நாலாவது ஊழியரோட ஊழியம் இப்ப என் வாயிலதான் இருக்கு," என்று பல் தெரியச் சிரித்தார். விளங்க ஒரு கணம் பிடித்தது. பிறகு சபையே சிரித்தது. பேருந்து ஓட்டுநர் எல்லோருக்கும் கடைசியாக நிறுத்தினார். இதை நான் எழுதுவதும் பாஸ்டரின் அனுமதியோடுதான்.

அதுவரை பாஸ்டர் வாயில் ஒரு 'ச' கூட வரவில்லை. நான் கவனித்துக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல.

ஜெபத்துக்காக எல்லோரும் கண்களை மூடினார்கள். தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டியிருந்ததால் நான் மூடவில்லை. பாஸ்டரின் கை பல்லக்காவின் தலைமேல் இருந்தது. அந்தக் கைக்குக் கீழே குனிந்திருக்க வேண்டிய முகம் அண்ணாந்திருந்தது. இரண்டு கண்களும் அகலத் திறந்து பாஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. கன்னத்துக்குள் நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டு போனது.

"இயேசுவே," என்று தொடங்கினார் பாஸ்டர்.

விசில் வரவில்லை. நாக்கு நின்றது. அதன் பிறகுதான் பல்லக்கா கண்களை மூடினார்.