இன்னொருவர் பெயரில் கிஸ்தி ரசீது

அப்பா இறந்த பிறகு பட்டாவை என் பெயருக்கு மாற்றலாம் என்று அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதுகள் ஒரு கட்டாக இருந்தன. ஒன்றில்கூட அப்பா பெயர் இல்லை. எல்லாம் பக்கத்து நிலத்துக்காரர் பெயரில்.

ரசீதுகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். வருடத்தைப் பார்த்தால் அதுவும் புரியவில்லை. பசலி ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். எந்தக் காலத்து வடக்கத்தி பாதுஷாவோ அறுவடைக்குத் தோதாக வரி வாங்க வகுத்த ஆண்டாம். பாதுஷா போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் வருடம் மட்டும் எங்கள் ஊரில் இன்னும் ஓடுகிறது.

வி.ஏ.ஓ.விடம் ஓடினேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நீங்க உழுற கரிசல் பக்கத்து நெலத்துக்காரவுக பேருலதாம்மா இருக்கு. உங்கப்பா பேருல இருக்கிறது கிழக்க கெடக்கிற கல்லுக்காடு."

"அதுல நாங்க ஏரே பூட்டுனதில்லையே சார்!"

"அது எனக்குத் தெரியாதும்மா. பேப்பர்ல உள்ளதச் சொல்றேன்."

அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊருக்கெல்லாம் நியாயம் சொன்ன மனுஷன் என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாரே! அந்தக் கரிசலில் விளைந்த பருத்தியில்தான் நான் படித்தேன். இன்றும் என் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான்.

நேரே பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். உறவு கிடையாது, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ரசீதுக் கட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தன்னிடமிருந்த ரசீதுக் கட்டையும் எடுத்து வந்து பக்கத்தில் போட்டார். அத்தனையும் அப்பா பெயரில்.

"அட கிறுக்குப்புள்ள! நாங்க நிலத்த மாத்திக்கிட்டோம் தாயி. உங்கப்பா கல்லுக்காட்டுக் கெணத்துல அப்ப தண்ணி கெடந்துச்சு, எனக்கு அது வேணும். அவருக்குக் கரிசல்ல பருத்தி போட ஆசை. வெத்தல மாத்தி முடிச்சோம், பத்திரம் எழுதல. கிஸ்திய மட்டும் அவுகவுக பேருலயே கட்டிட்டு, பந்தல்குடி டீக்கடையில ரசீத மாத்திக்குவோம். உழுறவுக கையிலதான் ரசீது இருக்கணும், அதான் பேச்சு."

டீக்கடையில் இருவரும் துண்டுக் காகிதம் மாற்றிக்கொள்வதைச் சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். லாட்டரிச் சீட்டு என்று நினைத்திருந்தேன். போன உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது.

"அப்ப அத எழுதிப் பதிஞ்சிருவோம் மாமா," என்றேன்.

அவர் வாயைத் திறக்கும் முன், வாசல்படியில் நின்றிருந்த அவருடைய மகன் கேட்டார்: "கெணறு வத்தி எத்தன வருசமாச்சு. பேப்பர் படி கரிசல் நம்மளதுதானப்பா?"

மாமா மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இருப்பா," என்றார். குனிந்து இரண்டு கட்டுகளையும் நேராக்கி வைத்தார்.

கிளம்ப எழுந்தேன். கட்டிலில் இரண்டு கட்டுகளும் கிடந்தன. என் நிலத்து ரசீதில் அவர் பெயர். அப்பா பெயர் போட்டதெல்லாம் கல்லுக்காட்டுக்கு. எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.