வீண் நடை என்று நான் எழுதியது

அடுத்தவர் வேர்வை சிந்த வேலை பார்க்கும்போது, பக்கத்தில் நின்று "இதை இன்னும் சீக்கிரம் செய்யலாமே" என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் எங்களுடையது. தொழிற்பொறியியலில் டிப்ளமா என்று சான்றிதழில் இருக்கும். ஜனங்களுக்கு நான் 'மணி பாக்குற சார்'. இதே பாவத்தைச் செய்து வயிறு வளர்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், தலையாட்டிக்கொண்டே படிப்பீர்கள்.

கேட்டிலேயே போச்சு

செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில், தீபாவளி சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தேன். விருதுநகரில் வாங்கிய புது ஸ்டாப் வாட்ச் கழுத்தில் தொங்கியது. நடையே மாறிப்போயிருந்தது எனக்கு.

கேட்டில் வாட்ச்மேன் செல்போனை வாங்கிக்கொண்டார், செருப்பைக் கழற்றச் சொன்னார், கடைசியில் ஸ்டாப் வாட்சுக்கும் கையை நீட்டினார். பேட்டரி போட்ட எதுவும் வெடிமருந்து அறைப் பக்கம் போகக் கூடாதாம். நேரம் பார்க்கத்தானே ஐயா என்னை எடுத்திருக்கிறார்கள் என்று மன்றாடினேன். மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வெடிக்கு நீங்க நேரம் பாக்க வேண்டாம் சார். அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப வெடிக்கும்."

உதட்டுக்குள் ஒன்று, இரண்டு

வேறு வழி? வாயால் எண்ணினேன். மருந்து செலுத்துகிற அறையில் நாலு பெண்கள். பேப்பர் குழாய்களில் வெடிமருந்து நிரப்புவது அவர்கள் வேலை. மூத்தவர் முத்துமாரி அக்கா. நாற்பது வயதிருக்கும், கைவேகத்தில் கம்பெனியிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் வெளியே நின்று உதடு அசைய எண்ணி, நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் கை கழுவ வந்தவர், பக்கத்தில் வந்து அக்கறையாக விசாரித்தார்: "இருக்கன்குடி ஆத்தாளுக்கு என்ன சார் நேந்திருக்கீக? நாளெல்லாம் மந்திரம் சொல்லுதீகளே."

முதலாளிக்குப் பிடித்த தாள்

எண்ணியது வீண் போகவில்லை, ஒன்று சிக்கியது. முத்துமாரி அக்கா சின்ன அட்டைத் தட்டில் கொஞ்சமே கொஞ்சம் மருந்து வாங்கி வருவார். தீர்ந்ததும் வெயிலில் கலவை அறை வரைக்கும் மறுபடி நடப்பார். ஒரே காலையில் பதினொரு தடவை! புதையல் கிடைத்த மாதிரி துள்ளினேன். 'வீண் நடை' என்று சிவப்பு மையில் எழுதி, பெரிய தட்டில் மொத்தமாகக் கொண்டுவந்து அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று படமும் போட்டு முதலாளியிடம் நீட்டினேன்.

ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம், அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. போர்மேனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து பெரிய தட்டு, மாட்டேன் என்கிறவர்கள் வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்றார். என் தோளில் தட்டினார்: "இதுக்குத்தான் தம்பி படிச்ச ஆளு வேணும்ங்கது."

இருபது வரைக்கும்

மறுநாள் பெரிய தட்டு நிறைய மருந்து வந்து அறை நடுவில் உட்கார்ந்தது. முத்துமாரி அக்கா உள்ளே போகவில்லை. மற்ற மூன்று பேரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். போர்மேன் கத்தினார். வேலை போனால் அந்த நாலு வீட்டிலும் அடுப்பு எரியாது, அது எனக்கே தெரியும்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. கையளவு மருந்தில் பற்றினால் குதித்து ஓடிவிடலாம், தட்டு நிறைய பற்றினால் ஓட ஆள் இருக்காது என்றார். இந்த யோசனையைச் சொன்ன சார் முதலில் கொஞ்ச நேரம் உள்ளே உட்காரட்டும், பிறகு நாங்கள் வருகிறோம் என்றார். இவ்வளவுதானா என்று வீறாப்பாகப் போய் உட்கார்ந்தேன். போர்மேன் நாலு அறை தள்ளிப் போய் நின்றுகொண்டார். அதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன். இருபதுக்கு மேல் எண் வரவில்லை. பயம்தான், வேறென்ன?

முத்துமாரி அக்கா குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "ஒரு காலு வாசப்படிக்கு வெளிய கெடக்கு சார். அதையும் உள்ள எடுத்து வச்சிட்டுச் சொல்லுங்க, நாங்க வாரோம்."

எழுந்தேன். நேராக முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது, அந்த நடைதான் அவர்களுக்குக் காவல் என்றேன். அவர் ஒப்பவில்லை. அப்படியானால் நீங்களும் ஒரு தடவை வந்து தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். நாற்காலியை விட்டு அவர் எழவில்லை. பிறகு, பழைய சின்னத் தட்டே இருக்கட்டும் என்று போர்மேனுக்குச் சொல்லி அனுப்பினார்.

மூன்று வருஷம் படித்த படிப்பை வைத்து அந்த சீசனில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, நான் சொன்ன யோசனையை நானே ஓடிப்போய்த் தடுத்ததுதான்.